பங்காளி வீட்டுக்கு முதல் பத்திரிகை

மகளுக்குத் தேனியில கல்யாணம். சின்னமனூர்ல ஒரே ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைக்கணும். அன்னைக்கு எனக்கு வேலை அவ்வளவுதான்.

அது எங்க பெரியப்பா மகன், அண்ணன் வீடு. எங்க பக்கம் பங்காளிக்குத்தான் முதல் பத்திரிகை. தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம் வச்சு நேர்ல போயி நீட்டணும். அண்ணன் இதுல ரொம்பக் கறார். ஒரு கல்யாணத்துக்குத் தனக்கு மூணாவதாப் பத்திரிகை வச்சதுக்காக, முகூர்த்தம் முடியிற வரைக்கும் மண்டபத்துக்கு எதுத்த டீக்கடையில உக்காந்திருந்தாக. தான் வரலைங்கிறது எல்லாருக்கும் தெரியணும்ல!

அண்ணன் வரலைன்னா பங்காளி வகையறாவுல ஒருத்தரும் வரமாட்டாக. மண்டபத்துல நானும் என் ஆபீஸ் ஆளுகளும் மட்டும்தான் நிக்கணும்.

போன் போட்டு வீடு எங்கன்னு கேட்டுட்டுப் போங்கன்னா என் வீட்டுக்காரி. எனக்கு ரோஷம் வந்துருச்சு. சென்னையில எத்தனை வருசம் இருந்தா என்ன, பொறந்து வளந்த ஊரு, கண்ணைக் கட்டி விட்டாலும் போயிருவேன்னேன்.

தேனியில ஏறின பஸ்ல பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒவ்வொரு ஊரா விளக்கம் சொல்லிக்கிட்டே வந்தேன். இங்கன ஒரு கிணறு இருந்துச்சு, அங்கன ஒரு புளியமரம் இருந்துச்சுன்னு. அடுத்த ஊரு பழனிசெட்டிபட்டி தாண்டுறதுக்குள்ள அவர் வேற சீட்டுக்குப் போயிட்டார்.

சின்னமனூர்ல இறங்கித் தெருவுக்குள்ள நுழைஞ்சா, எனக்குத் தெரிஞ்ச தெருவையே காணோம். ஓட்டு வீடெல்லாம் மாடி வீடாகி, பூராவும் ஒரே ரோஸ் கலரு. யார்கிட்டயாவது கேக்கலாம். சொந்த ஊர்ல வழி கேக்குறதா? பையைத் தூக்கிக்கிட்டு மேலயும் கீழயும் நடந்தேன்.

ஒரு வாசல்ல நின்ன பையன், முப்பது வயசு இருக்கும், "வாங்க வாங்க, ஏன் வெயில்ல நிக்கிறீக?"ன்னான். அண்ணன் மகனேதான்! கைக்குழந்தையாப் பார்த்தது. உள்ள போயிட்டேன்.

அவன் பொண்டாட்டி தண்ணி கொண்டுவந்து, வீட்டுல அவுக வரலையான்னு விசாரிச்சா. அப்பா எங்கப்பான்னு கேட்டேன். தோட்டத்துக்குப் போயிருக்காக, வந்துருவாக, சாப்பிடுங்கன்னு இலையைப் போட்டுட்டாக.

சாப்பிட்டுக்கிட்டே பழைய கதையை எடுத்து விட்டேன். நானும் அவன் அப்பாவும் திராட்சைப் பந்தலுக்குள்ள திருடப் போயி, தோட்டக்காரர்கிட்ட மாட்டி, அவர் வெளுத்து வாங்கின கதை. அப்பா இதெல்லாம் சொன்னதே இல்லையேன்னு பையன் விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. என்ன இருந்தாலும் ரத்த பாசம்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பா வந்தாக. நிலைப்படியில குனிஞ்சு உள்ள வந்தாக.

எங்கண்ணன் என்னைவிடக் குட்டை. வயசானா ஆளு சுருங்கலாம், வளர முடியாதே.

அந்தப் பெரியவரும் முகம் கோணாம, எப்ப வந்தீகன்னு கேட்டாக. வாசல் ஏறி வந்தவரை யாருன்னு கேக்குறது எங்க ஊர்ல மரியாதை இல்ல. பத்திரிகை வைக்க வந்திருக்காகன்னு மருமக சொன்னதும், மூணு பேரும் கிழக்கப் பார்த்து வரிசையா நின்னுட்டாக. அவுக சோத்தைத் தின்னுட்டு, உங்களுக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றது? தாம்பாளத்தை நீட்டிட்டேன்.

வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்த பெரியவர், தணிஞ்ச குரல்ல, யார் வீட்டுக்கு வந்தீகன்னு கேட்டாக. சொன்னேன். மகன் என்னைப் பொண்டாட்டி வழின்னு நினைச்சிருக்கான். மருமக, புருசன் வழின்னு நினைச்சிருக்கா.

"அவுக வீடு எதுத்த வீடுதான். நீங்க உள்ள நுழைஞ்சதுல இருந்து சேர் போட்டு உக்காந்து பார்த்துக்கிட்டேதான் இருக்காக"ன்னாக.

திரும்பினேன். அண்ணன்!

தெருவைத் தாண்டிப் போனேன். தாம்பாளமும் காலி. பையில வெறும் பத்திரிகைதான் மிச்சம்.

"வாங்க. சாப்பாடெல்லாம் ஆச்சா?"

பொறந்ததுல இருந்து என்னை ஏலேன்னு கூப்பிட்டவுக. அந்த 'வாங்க'வுலயே கல்யாணம் பாதி நின்னு போச்சு.

வேற வழியில்லாம உண்மையைச் சொன்னேன். வீடு தெரியலண்ணே.

"பொறந்த ஊர்ல?"

ஆமான்னேன். உடனே அண்ணன், அண்ணியைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கன்னாக. சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாக. அவருக்கும் சொன்னேன். அங்க திராட்சைப் பந்தல் கதையையும் சேர்த்துச் சொன்னியாலேன்னு அண்ணன் கேட்டப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

கல்யாணத்துக்கு முத ஆளா வந்தது அண்ணன்தான், எதுத்த வீட்டுக்காரவுகளையும் அழைச்சுக்கிட்டு. ஒரு வரிசை விடாம உக்காந்து கதையைச் சொன்னாக.

பந்தி முடிஞ்சு கிளம்பின அத்தனை பேரும் பொண்ணு மாப்பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணிட்டு, என்கிட்ட அவுகவுக வீட்டுக்கு வழி சொல்லிட்டுப் போனாக.