வாயை மூடும் முதுகலைப் படிப்பு

மபராரா,
செவ்வாய்க்கிழமை, காலைப் பால் கறந்த பிறகு.

பெருமதிப்பிற்குரிய லோயிஸ் அக்காவுக்கு, தம்பி எரியா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மெடியஸும் பதினொரு மாடுகளும் ஒரு புதுக் கன்றும் நலம். உங்கள் மாடுகள் நலமா? கம்பாலாவில் மூன்றாவது மாடியில் மாடு ஏது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனுஷரை மட்டும் விசாரித்துவிட்டு மாட்டை விசாரிக்காத கடிதத்தை நம் வீட்டில் யாரும் எழுதியதில்லை. நிற்க.

பாடம் தயாரிக்கச் சொல்லித்தரும் கற்றல் வடிவமைப்பு என்கிற அந்த முதுகலைப் படிப்பிலிருந்து நான் விலகுகிறேன். சேரச் சொன்னவர் நீங்கள், சிபாரிசுக் கடிதம் கொடுத்தவரும் நீங்கள், ஆகவே பேராசிரியை நயேபாரேவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியவரும் நீங்களே. "ரிட்டயர் ஆனவன் வீட்டுலயே கெடந்தா மாடுகூட மதிக்காதுடா, போய்ப் படி" என்றீர்களே, மாடுகளாவது மதித்துக்கொண்டிருந்தன அக்கா.

ஆரம்பமே சரியில்லை. 'ஏன் இந்தப் படிப்பு?' என்று ஐந்நூறு வார்த்தையில் எழுதச் சொன்னார்கள். இருபத்தெட்டு வருஷம் பால் கூட்டுறவில் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி கொடுத்தவன் ஐந்நூறு வார்த்தையில் வணக்கமே சொல்லி முடிக்க மாட்டான். பதினொரு பக்கம் எழுதினேன், அதில் நாலு பக்கம் மடிநோய். பிறகு கணினி வழியாக நேர்முகம். இடுப்புக்கு மேலே கோட்டு, டை. கீழே ரப்பர் பூட்ஸ். பாதியில் நம் பசு பிஹோகோ சன்னல் வழியாகத் தலையை விட்டாள், திரை முழுக்கக் கொம்பு. "ஐயா, உங்க பின்னாடி..." என்று பதறினார்கள். "அவளும் கேக்கட்டும்மா, நீங்க கேளுங்க" என்றேன். அப்போதுதான் நயேபாரே கேட்டார், "ஆசிரியரா நீங்க தோத்துப்போன ஒரு சம்பவம் சொல்லுங்களேன்." யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். "இதுவரைக்கும் அப்படி எதுவும் நடக்கலம்மா" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார், இடமும் கொடுத்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

கூடப் படிப்பவர்கள் எல்லாம் என் கடைசி மகள் வயது. மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவதுதான் பாதிப் படிப்பு. 'உங்கள் மாணவர் பாடத்தின்போது என்ன நினைக்கிறார்?' என்று ஒருநாள் கேள்வி. 'சாப்பாடு எப்போது' என்று எழுதி ஒட்டினேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நான் சிரிப்புக்காக எழுதவில்லை. இன்னொரு நாள் நயேபாரே சொல்கிறார், "படிக்கிறவங்க தடுக்கி விழுந்தா கால்ல தப்பு தேடாதீங்க, தரையப் பாருங்க." எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, எங்க பால் நிலையத்துல கேன் கழுவுற கெபிருங்கின்னு ஒருத்தி இருக்கா. நாப்பது வயசு. கேன் தூக்கித் தூக்கி முதுகு போச்சு, பால் சோதிக்கிற வேலைக்கு மாறணும்னு என் வகுப்புக்கு ரெண்டு தடவ வந்தா, ரெண்டு தடவயும் பெயில். இதுல தரை என்ன பண்ணும்? அது மண்டைக் கோளாறு" என்றேன். "அப்போ அவங்களுக்கே ஒரு பாடம் செஞ்சு குடுங்க ஐயா" என்று வீட்டுப்பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்மானியை, அந்த மிதக்கும் கண்ணாடிக் குழாயை, போட்டுப் பார்ப்பதற்குப் போனில் ஒரு சின்னப் பாடம். அதைக் கெபிருங்கியிடம் கொடுத்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்து, அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று பார்க்க வேண்டும், படமும் பிடிக்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் அக்கா. நான் திறக்கவில்லை என்றுதான் நேற்று வகுப்பில் அந்தப் படத்தைப் போடும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்துநாலு நிமிஷப் படத்தில் முப்பத்தொரு நிமிஷம் என் குரல். "அங்க இல்ல, இங்க." "ம்ம்... சரி... ஐயோ, இல்ல இல்ல." "இதோ பாரு, இதான் கோடு, இருபத்தெட்டு, சொல்லு." கெபிருங்கி மொத்தமும் பேசியது "சரிங்கய்யா" மட்டும்தான். பத்தொன்பது தடவை என்று முன்வரிசைப் பெண் எண்ணிச் சொன்னாள். நயேபாரே மெல்லச் சொன்னார், "ஐயா, இது சோதனை இல்ல, பிரசங்கம். காணிக்கைத் தட்டு மட்டும்தான் வரல."

எழுந்து வந்துவிட்டேன். கோபம் இல்லை, அவமானம். என் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை அக்கா, கேட்கக் கேட்க எனக்கே தலை வலித்தது. அறுபத்தொரு வயதில் வாயை மூடக் கற்றுக்கொள்ள ஒரு பட்டம் வேண்டுமா? கட்டிக்கொண்ட நாளிலிருந்து முப்பத்தைந்து வருஷமாக மெடியஸ் இலவசமாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே இது முடிந்த முடிவு. நயேபாரேயிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள், எந்த உடம்பு என்று சொல்ல வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் பால் வற்றாமலும் நெய்க்குடுவை காலியாகாமலும் இருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
எரியா பாம்வினே.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கெபிருங்கி வந்து நின்றாள். "ஐயா, அந்தப் போனக் குடுங்க. அன்னைக்கு நீங்க பேசினதுல பாடமே எனக்குக் கேக்கல" என்றாள். மெடியஸ் சமையலறையிலிருந்து வந்து என் வாய் நிறையப் புளித்த சோளக் கூழை ஊற்றி, "முழுங்கினா மத்தியானம் சோறு கெடையாது" என்றாள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய பாலையும் அவளே கொண்டுவந்து வைத்தாள். கெபிருங்கி எல்லாம் சரியாகத்தான் செய்தாள். பால்மானியைப் போட்டாள், ஆட்டம் நிற்கக் காத்திருந்தாள், கண்ணுக்கு நேராகக் குனிந்தாள். பிறகு தனக்குள் சொல்லிக்கொண்டாள்: "இருபத்தஞ்சுக்கு மேல ரெண்டு கோடு. அப்போ இருபத்தேழு."

இருபத்துமூன்று அக்கா! இருபத்தாறுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் கலந்த பால். பால்மானியில் மேலே போகப் போக எண் குறையும். அவள் வாழ்நாளெல்லாம் கழுவிய கேனிலும் குவளையிலும் மேலே போகப் போகக் கூடும். வேறு எப்படி எண்ணுவாள்? இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கோட்டைக் காட்டியது என் விரல், வாசித்தது என் வாய். தேர்வில் என் விரல் இருக்காதே. கூழை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அழுதுவிட்டேன். ரொம்பப் புளிப்பு போலிருக்கிறது என்று மெடியஸ் நினைத்துக்கொண்டாள்.

பாடத்தில் ஒரே ஒரு படம் சேர்த்தேன்: மேலே சின்ன எண், கீழே பெரிய எண். மறுபடி கொடுத்தேன். "இருபத்துமூணு. தண்ணி ஊத்தியிருக்கான் திருட்டுப்பய" என்றாள். மெடியஸ் உள்ளே போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும், மாடு விசாரித்ததைத் தவிர. நயேபாரேயிடம் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம். நேர்முகத்தில் கேட்ட கேள்விக்குத் தம்பியிடம் இப்போது பதில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். நான் பெயில் போட்டவர்களின் பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கெபிருங்கியோடு சேர்த்து நாற்பத்தாறு வந்திருக்கிறது, இன்னும் முடியவில்லை.