வாஷரும் கசியனும்

அந்தச் சனிக்கிழமை காலை வாஷர் ஒரு முடிவுக்கு வந்தார். தன் வீட்டுச் சுவருக்குள் குடியிருக்கும் காதலனை இரண்டே நாளில் காலி பண்ண வைத்துவிட வேண்டும்.

வாஷர் என்பது அவருக்குத் தெரு வைத்த பெயர். எந்த வீட்டில் எந்தக் குழாய் கெட்டாலும் வருவார், குனிவார், மூக்கால் ஒரு 'ம்ம்' போடுவார், பிறகு, "வாஷர் போயிடுச்சு" என்பார். குழாயே போயிருந்தாலும் அதைத்தான் சொல்வார். இருபது வருஷமாகத் தெருவில் ஒரு சொட்டு வீணாகாமல் காத்த மனிதர். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் இரண்டு வருஷமாகச் சொட்டுகிறது. டொக். டொக். "நாளைக்குப் பாக்கறேன்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் அதுவும் ஒரு டொக் போட்டு ஆமோதிக்கும்.

காதலன் வந்தது மாடிவீட்டு டீச்சர் வழியாக. டீச்சருக்குப் பேய்க்காதல் நாவல்கள் என்றால் உயிர். அதிலும் இரத்தம் குடிப்பது, வெள்ளை உடையில் உலாவுவது போன்ற பழைய சரக்கெல்லாம் அவரிடம் கிடையாது. அடுப்புச் சாம்பலில் வாழ்ந்துகொண்டு அடுத்த வீட்டுப் பெண்ணை நினைத்துப் புகையும் சாம்பலன். காதலியின் கம்பளிச் சட்டையில் இடது கையை மட்டும் அரித்துத் தின்று காதலைத் தெரிவிக்கும் அந்துப்பூச்சி இளவரசன். டீச்சர் படித்து முடித்ததும் ஒவ்வொருவராகப் படியிறங்கிக் கீழ்வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கீழ்வீட்டில் வாஷரின் மனைவி. தையல்காரி.

முன்பெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரம் வாஷருக்குச் சொர்க்கம். மனைவி எதிரே உட்கார்ந்துகொள்வாள். தெருவில் யார் யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது, யார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளவு கொடுத்தார்கள் என்று அவரவர் குரலிலேயே நடித்துக் காட்டுவாள். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறுவார். மூன்று மாதமாக எதிரே இருப்பது ஒரு புத்தக அட்டை. அட்டைக்கு மேலே இரண்டு புருவம். வெள்ளிக்கிழமை மதியமும் அப்படித்தான்.

"குழம்புல உப்பு இல்ல."

"ம்."

"கூரையக் காணோம்."

"ம்."

"நான் செத்துப்போயிட்டேன்."

"கையக் கழுவிட்டுப் போங்க."

வாஷர் தட்டைத் தள்ளினார். "அப்படி என்னதான் இருக்கு அதுல?"

புருவங்கள் உயர்ந்தன. "கசியன்னு ஒருத்தன். ஈரச் சுவருக்குள்ள இருக்கான். கதைல வர்ற பொண்ணு அழுதா இவன் சுவர் வழியாக் கசிவான். குழாயில மூணு தட்டு தட்டிட்டு, தொட்டித் துவாரம் வழியாப் பேசுவான்."

"கசியறதுன்னா ரிப்பேர்மா."

"உங்க பாஷைல ரிப்பேர். எங்க பாஷைல மனசு இளகறது."

"ஒழுகறவனுக்கு ஒழுக்கம் எங்கேர்ந்து வரும்?"

"ம்," என்றாள் மனைவி. புருவங்கள் இறங்கிவிட்டன.

வாஷருக்கு வலித்தது. சாம்பலனைப் பொறுத்துக்கொண்டார். அந்துப்பூச்சியையும் மன்னித்தார். ஆனால் கசிவு அவருடைய ஜென்ம எதிரி. இருபது வருஷமாக யாரை அடைத்து, முறுக்கி, நசுக்கி வந்தாரோ, அவனே வந்து அவர் பெண்டாட்டியை எடுத்துக்கொள்வதா?

சனிக்கிழமை காலை, மனைவி தைத்த துணியைக் கொடுக்கப் போன சமயத்தில் நாவலை எடுத்து மூன்று அத்தியாயம் படித்தார். நாலாவதில் தூங்கிவிட்டார். ஆனாலும் திட்டத்துக்கு மூன்று போதும். கசியனாகப் பேசி அவளைப் பயமுறுத்த வேண்டும். பயந்தால் புத்தகத்தை விடுவாள். விட்டால் எதிரே உட்காருவாள்.

சமையலறைத் தொட்டியின் கழிவுக்குழாய் சுவரைத் துளைத்துப் பின்சந்தில் இறங்குகிறது. தொட்டிக்கு அடியில் தண்ணீர் தேக்கி நாற்றத்தையும் சத்தத்தையும் தடுக்க வேண்டிய வளைகுழாயை அவர் கழற்றி ஒரு வருஷம் ஆகிறது. "நாளைக்கு மாட்டறேன்." ஆகவே சந்தில் குனிந்து பேசினால் தொட்டியில் தெளிவாகக் கேட்கும். தொழில் தெரிந்தவன் போடும் திட்டமே தனி.

அன்று மதியம் மூன்று மணிக்கு, வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்கு வந்தார். ஸ்பேனரால் தட்டினார். டங். டங். டங். குழாய் வாயில் முகத்தை வைத்தார். பாதி செய்தி வாசிப்பவர், பாதி ஜலதோஷக்காரர் போல ஒரு குரலை எடுத்தார்.

"பெண்ணே. நான்தான் கசியன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. வாஷர் அலறலுக்குக் காத்திருந்தார்.

"வந்துட்டியா கசியா?" என்றாள் மனைவி. தேன் மாதிரிக் குரல்.

வாஷருக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் தன்னை இப்படி ஒரு நாள் கூப்பிட்டிருப்பாளா? "வந்துட்டீங்களா, செருப்ப வெளிய விடுங்க" என்பதுதான் அவருக்குக் கிடைத்த அதிகபட்சம்.

"புத்தகத்தைத் தொடாதே. தொட்டால் இந்தச் சுவரையே இடிப்பேன்."

"இடிக்கிறது இருக்கட்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்துல என்ன சத்தியம் பண்ணின, ஞாபகம் இருக்கா?"

வாஷர் படித்ததோ மூன்றுதான். "நீயே... சொல்."

"நான் இருக்கிற வீட்டுல ஒரு குழாய் சொட்டாது, ஒரு பக்கெட் வழியாது, ஒரு தொட்டி அடைக்காதுன்னு சொன்னியே. அத வச்சுத்தானே நிஜக் கசியன் யாரு, வேஷம் போடறவன் யாருன்னு அவ கண்டுபிடிக்கிறா?"

"ஆமாம். சொன்னேன்."

"நாளைக்கு மதியத்துக்குள்ள எல்லாம் நின்னுடணும். பாவம், தொண்டை காஞ்சிருக்கும் உனக்கு. இந்தா."

பாத்திரம் கழுவின தண்ணீர் ஒரு அண்டா, மொத்தமும் குழாய் வழியாக வந்தது. வாஷர் வாய் திறந்த நிலையில் இருந்தார்.

அரைமணி கழித்துச் சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

"என்னங்க இது?"

"வேலைக்குப் போன எடத்துல பெரிய கசிவு."

"வாஷர் போயிடுச்சா?"

"ம்."

"செருப்ப வெளிய விடுங்க."

ஞாயிறு காலை அவள் டீச்சரைப் பார்க்க மாடிக்குப் போனாள். வாஷர் பையைத் திறந்தார். வேறு வழி இல்லை. சரிபண்ணாவிட்டால் கசியன் போலி என்று ஆகிவிடும். சரிபண்ணினால் கசியனுக்கு மவுசு ஏறும். ஏறட்டும், அந்த மவுசை வைத்தே காரியத்தைச் சாதிக்கலாம். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார். குளியலறைக் குழாயைப் பிரித்து மாட்டினார். கழிப்பறைத் தொட்டியின் மிதவையை நிமிர்த்தினார். சமையலறைத் தொட்டியின் பாதி அடைப்பிலிருந்து, காணாமல் போன நாலு ஸ்பூனும், ஒரு பித்தானும், அவருடைய பழைய மூக்குக்கண்ணாடியின் ஒரு கையும் வெளியே வந்தன. வளைகுழாயை மட்டும் மாட்டவில்லை. கசியனுக்கு வழி வேண்டுமே. வேறு வீடாக இருந்தால் இதை மூன்று நாள் வேலை என்று சொல்லியிருப்பார்.

மதியம் மறுபடி பின்சந்து. டங். டங். டங். இந்த முறை முகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"பெண்ணே. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன்."

"பாத்தேன் கசியா. வீடே அமைதியா இருக்கு."

"இப்போது என் சொல்லைக் கேள். புத்தகத்தை மூடு. உன் புருஷனைப் பார்."

"பாத்து?"

வாஷரின் குரலிலிருந்து செய்தி வாசிப்பவர் போய்விட்டார். ஜலதோஷக்காரர் மட்டும் இருந்தார். "அவன் சாப்பிடும்போது எதிரே உட்கார். அந்த இடுப்பளவுக் கதையெல்லாம் சொல். மூணு மாசமா அவனுக்குப் புரையே ஏறல."

உள்ளே பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அது வேணும்னா அவரே கேட்டிருக்கலாமே?"

"ரோஷக்காரன்."

"சரி," என்றாள். "உன் சொல்லக் கேட்டேன்னு நெனச்சுக்கோ."

திங்கள் மதியம் மேஜையில் புத்தகம் இல்லை. எதிரே முழு முகம் இருந்தது. புருவம், கண், மூக்கு, வாய், எல்லாம் சேர்த்து. மனைவி கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி அளவு கொடுத்த ஒரு தபால்காரர் எப்படித் தபால்களில் இருந்த பெயர்களையும் அந்த மூச்சை விடாமலே படித்தார் என்று நடித்துக் காட்டினாள். வாஷருக்குப் புரையேறியது. அவளே தலையில் தட்டினாள். வென்றுவிட்டோம் என்று நினைத்தார் வாஷர். குழாய் கூட டொக் என்று ஆமோதிக்கவில்லை. அதைத்தான் சரிபண்ணியாயிற்றே.

"இந்தப் புத்தகத்த டீச்சர்ட்ட குடுத்துட்டு வந்துடுங்க," என்றாள் மனைவி.

எதிரியின் பிணத்தைச் சுமக்கும் கம்பீரத்தோடு வாஷர் படியேறினார். டீச்சர் கதவைத் திறந்தார்.

"முடிச்சுட்டாங்களா?"

"முடிஞ்சுது டீச்சர். அதுவும் அந்தப் பன்னிரண்டாம் அத்தியாயம் இருக்கே, சத்தியம் பண்றது, அது அபாரம்."

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்தார். "இதுல மொத்தமே பதினொண்ணுதானே."

வாஷர் புத்தகத்தைப் புரட்டினார். பதினொன்று. அதற்கு அப்புறம் பின் அட்டை.

"உங்க பன்னிரண்டாவதுதான் இன்னும் நல்லா இருந்துச்சு," என்றார் டீச்சர். "ஞாயித்துக்கிழமை பேசினீங்களே, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. 'பாவம், ஒத்துக்கோங்க'ன்னு உங்க வீட்டம்மாகிட்ட அப்பவே மேலேர்ந்து எங்க தொட்டி வழியாச் சொல்லலாம்னு பாத்தேன், கையில இருந்த தண்ணி உங்க மேல கொட்டிடுமோன்னு விட்டுட்டேன்."

"மேலேர்ந்தா?"

"எங்க தொட்டித் தண்ணியும் அந்தக் குழாய்லதானே இறங்குது. நீங்கதானே சேத்து விட்டீங்க. எங்க வளைகுழாயையும் நாளைக்கு மாட்டறேன்னு சொல்லியிருந்தீங்க." டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். "இத அவங்க கேட்டிருந்தாங்க. குடுத்துடுங்க."

வாஷர் படியிறங்கிக்கொண்டே அட்டையைப் பார்த்தார். உச்சிக்கூரையின் மூலையில், எட்டுக் கையோடு, காதல் ததும்பும் கண்ணோடு ஒருத்தன் தொங்கிக்கொண்டிருந்தான். நாவலின் பெயர் 'ஒட்டடையன்'.

கூடத்தில் ஏணி சாத்தியிருந்தது. நீளக் கழியில் துடைப்பம் கட்டித் தயாராக இருந்தது. தையல் மிஷினிலிருந்து எழுந்துவந்து மனைவி ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா ஒட்டடையா?" என்றாள், தேன் மாதிரி. "ஏறு, நான் பிடிச்சுக்கறேன். செருப்ப மட்டும் வெளிய விட்டுட்டு வா."