விபத்தில்லா முழங்கை

மனிதனுக்கு வாய்த்த மூட்டுகளிலேயே நிர்வாகத்துக்கு மிகவும் விசுவாசமானது முழங்கைதான். இடுப்பு பிடித்துக்கொண்டால் மனிதன் படுத்துவிடுவான். முழங்கால் போனால் உட்கார்ந்துவிடுவான். முழங்கை வலித்தால் மட்டும் நேரத்துக்கு வேலைக்கு வந்துவிடுவான்.

செனாய் தொழிற்பேட்டையில் மின்விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு ரூபேந்திரன் அப்படித்தான் வந்துகொண்டிருந்தான். ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம் ஸ்க்ரூ முடுக்குவான். இப்போதெல்லாம் வலது கையால் தே தாரிக் டீ கிளாஸைத் தூக்கினால் பாதி சட்டைக்குப் போனது. கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்தார்: 'முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் தசைநாண் கிழியத் தொடங்கியிருக்கிறது. ஆறு வாரம் ஸ்க்ரூ வேலை கூடாது. மீறினால் ஆபரேஷன்.'

கடிதம் வந்த நேரம் சரியில்லை. வாசல் பலகையில் 'விபத்தில்லா நாட்கள்: 998' என்று ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஆயிரமாவது நாளுக்குப் பிரியாணி சொல்லியாகிவிட்டது.

'பாதுகாப்புக் குழு' அவசரமாகக் கூடியது. குழு என்றால் பாதுகாப்பு அதிகாரி வசந்தனும் மனிதவளப் பிரிவு லோஷினியும். சுவரில் முழங்கைப் படம் மாட்டினார்கள். மேலிருந்து ஓர் எலும்பும் கீழிருந்து இரண்டும் கதவுக்கீல் மாதிரி சந்திக்கும் அந்தப் புனிதத் தலத்தை வசந்தன் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"மூணு எலும்பும் நல்லாத்தான இருக்கு, ரூபன்?"

"எலும்பு ஓகே, பாஸ். அதுல ஒட்டியிருக்கிற நாண்தான் கிழியுதாம்."

"எத்தன மணிக்குக் கிழிஞ்சது?"

"மணியெல்லாம் தெரியாது, பாஸ். மூணு வருஷமா."

லோஷினி படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். "இங்க பாருங்கண்ணே, தேதி, நேரம் ரெண்டும் போடணும். மூணு வருஷம்னு எழுத கட்டமே இல்ல லா."

"அப்ப நேத்துன்னு போடுங்கம்மா."

"அலமாக்! பொய் எழுதச் சொல்றீங்களா?" வசந்தன் உண்மையிலேயே மனம் நொந்தார். "விபத்துன்னா டமார்னு நடக்கணும். ஒங்க கை கொஞ்சங் கொஞ்சமா போயிருக்கு. அதுக்குப் பேரு அனுபவம்."

நேரமில்லாத காயம் நடக்காத காயம் என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. டாக்டர் கடிதம் கோப்புக்குப் போனது. ரூபேந்திரன் ஸ்க்ரூவுக்குப் போனான்.

ஆயிரமாவது நாள், அந்த 'அனுபவத்துக்கு'ப் பரிசு அறிவித்தார்கள். மேனேஜர் மேடையில் கனமான பித்தளைக் கோப்பையை நீட்டினார். ரூபேந்திரன் இடது கையை நீட்டினான்.

"என்னண்ணே, பெரியவங்ககிட்ட இடது கையிலயா வாங்குவீங்க?" லோஷினி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "சோத்துக் கைய நீட்டுங்க!"

நீட்டினான். முழங்கைக்குள் ஏதோ அறுந்தது. கோப்பை நேராக மேனேஜரின் கால் கட்டைவிரலில் இறங்கியது. மணி பத்து பதினாலு.

படிவம் ஐந்தே நிமிடத்தில் நிரம்பியது. பலகை பூஜ்யத்துக்கு இறங்கியது. விரல் வீங்கிய மேனேஜருக்கு இரண்டு வாரம் விடுப்பு. 'விபத்துக்கான காரணம்' என்ற கட்டத்தில் வசந்தன் நிறுத்தி, நிதானமாக எழுதினார்:

"தொழிலாளியின் வலது முழங்கை. அது பழுதாக இருப்பதை அவர் நிர்வாகத்திடம் மறைத்துவிட்டார்."