பதினேழு முறை திருப்பி அனுப்பப்பட்ட கம்பெனி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். நீங்கள் கொடுத்த கம்ப்யூட்டரும் உடலளவில் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலம் என்று நம்பித்தான் தொடங்குகிறேன்; படித்து முடித்த பிறகு உங்கள் ரத்த அழுத்தத்துக்கு நான் பொறுப்பல்ல. போனில் சொன்னால் எனக்குக் குரல் எழும்பாது என்பது உங்களுக்குத் தெரியும். கல்லூரியில் 'உள்ளேன் ஐயா' சொல்லியும் ஆப்சென்ட் வாங்கியவள் நான். கம்ப்யூட்டரோடு வந்த பிரிண்டர் இன்றுவரை ஒரு தாள்கூட அச்சடிக்காததால் கையால் எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், நீங்கள் பேப்பரில் பார்த்துச் சொன்ன அந்த வேலை, வாடிக்கையாளர்களின் புகார்களைத் தேதி, நேரத்தோடு எழுதிவைக்கும் வேலை, கைநழுவிப் போய்விட்டது. நழுவவில்லை, நானே பிடித்துத் தள்ளிவிட்டேன். கம்ப்யூட்டருக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பார்க்கும் ஃபயர்வால் ஒன்று போட்டுக் கொடுத்தீர்கள் அல்லவா, அது முதல் நாளிலிருந்தே சிவப்புப் பெட்டி காட்டி, 'இன்னார் உள்ளே வரப் பார்க்கிறார், அனுமதிக்கவா, தடுக்கவா' என்று கேட்க ஆரம்பித்தது. நான் படித்தது தாவரவியல். இலையைப் பார்த்துச் செடியின் குடும்பத்தைச் சொல்வேன்; பெட்டியில் பெயருக்குப் பதிலாக நிற்கும், நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கி ஏழில் முடியும் ஓர் எண்ணைப் பார்த்து அது யார் வீட்டுப் பிள்ளை என்று எப்படிச் சொல்வது? ஆனால் நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள், நானும் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இதையும் அப்படித்தான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் 'தடு' என்பதை அமுக்கினேன். மாமா, அது ஒரு தனி சுகம். வாசலில் வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் நான் வாங்கிய பாட்டில் பிரஷ்கள் நான்கு வீட்டில் இருக்கின்றன. முகம் பார்க்காமல் ஒருவரை வேண்டாம் என்று அனுப்புவது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இதற்குள் அப்பா வந்து சேர்ந்தார். தொழிற்சாலை கேட்டில் இருபத்தாறு வருடமாகக் காவல் நிற்பவர் அல்லவா, சிவப்புப் பெட்டியைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. "இது நம்ம வேலைம்மா" என்று சொல்லி, நீளமான நோட்டு ஒன்றில் கோடு போட்டு, வந்தவர், நேரம், யாரைப் பார்க்க, முடிவு, கையெழுத்து என்று ஐந்து கட்டம் பிரித்தார். அன்றிலிருந்து எட்டு நாள், அவர் வேலை முடிந்து வந்ததும் நான் அமுக்குவேன், அவர் எழுதுவார். அந்த ஏழில் முடியும் எண் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நின்றது. "இவன் பழைய கை. வீட்டை நல்லா தெரிஞ்சவன்" என்று அப்பா அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டார். அம்மாதான், "அப்பாவும் மகளும் வர்றவங்களை எல்லாம் இப்படி விரட்டுங்க. நாளைக்கு இவளுக்கு எவன் வேலை குடுப்பான்?" என்றாள். நாங்கள் சிரித்தோம்.

நேற்று பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்பா லீவு போட்டுவிட்டு நோட்டோடு பக்கத்தில். பதினொன்று இரண்டுக்குச் சிவப்புப் பெட்டி. அதில் கம்பெனி பெயர் இல்லை, வாயில் நுழையாத வேறு ஏதோ ஒரு பெயர். "நாம எதிர்பார்க்கிற ஆளு இது இல்லையே?" என்றார் அப்பா. "இல்லப்பா." "வேற பேர்ல வந்தா உள்ள விடக்கூடாது. அதான் கேட்டோட முதல் பாடம்." அமுக்கினேன். மறுபடி வந்தது. மறுபடி அமுக்கினேன். பதினேழு தடவை, மாமா. பதினொன்றரைக்கு அப்பா கடிகாரத்தைப் பார்த்து, "பெரிய கம்பெனின்னு சொன்னே, நேரத்துக்கு வரத் தெரியலையே?" என்று கேட்டபோதுதான், வீடியோவில் பேசும் அந்தப் புரோகிராமைச் செய்தவர்களின் பெயர்தான் அது என்று எனக்கு உறைத்தது. அப்பா பதினேழாவது வரியில் கையெழுத்துப் போட்டு, நோட்டை மூடிவிட்டு, வெறும் வாசலில் போய் நின்றுகொண்டார்.

ஆகவே மாமா, தயவுசெய்து வந்து கம்ப்யூட்டரை எடுத்துப் போய்விடுங்கள். சொந்தக்காரர்களிடம் நான் கம்ப்யூட்டரில் புலி என்று சொல்லி வைத்திருப்பதையும் வாபஸ் வாங்கிவிடுங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். அதை மட்டும் நான் தடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பட்டம் வாங்கியும் தேறாத மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் என்னை நேர்காணல் செய்ய இருந்த கம்பெனி அம்மாவே போன் செய்துவிட்டார். "ஏம்மா, நேத்து உங்களைப் பிடிக்கவே முடியலையே?" என்றார். எனக்குப் போனில் பேச வராது, வாசிக்க மட்டும்தான் வரும் என்பதால் நோட்டைத் திறந்து வாசித்தேன்: "பதினொன்று இரண்டுக்கு வந்தீர்கள். பெயர் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பினோம். பதினொன்று மூன்றுக்கு மறுபடி வந்தீர்கள்..." ஐந்தாவது வரியில் அவர் நிறுத்தினார். "எல்லாத்தையும் எழுதியா வெச்சிருக்கீங்க?" "பதினேழும் இருக்குங்க. கையெழுத்தோட." அந்தப் பக்கம் நான்கைந்து பேர் சிரிப்பது கேட்டது. "இந்த வேலையே அதுதாம்மா. திங்கட்கிழமை சேர்ந்துடுங்க. ஒரு படிவம் அனுப்பறேன், அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு வைங்க" என்றார்.

எனவே கம்ப்யூட்டரை எடுத்துப் போக வர வேண்டாம். படிவத்தை அச்செடுக்கப் போனபோதுதான் பிரிண்டரின் சின்னக் கண்ணாடித் திரையில் அதன் எண்ணைப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கி ஏழில் முடிந்தது. அப்பா கேட்டிலிருந்து ஆறு மணிக்கு வருவார். அந்தப் பழைய கையைப் பிடிக்க எட்டு நாளாக அவர் நோட்டை விரித்துவைத்து எழுதியது அந்தப் பிரிண்டரின் தலைமேல்தான் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.