ஜெனரல் தண்ணீரில் இறங்கிய நாள்

எங்கள் ஜெனரலுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது, தண்ணீரைத் தவிர. பனிமலையில் இருந்திருக்கிறார், பாலைவனத்தில் டாங்கிப் படையை நடத்தியிருக்கிறார், குண்டு பாய்ந்த முழங்காலோடு ஒரு மலையை ஏறி இறங்கியிருக்கிறார். ஆனால் ஒரு அண்டா நிறையத் தண்ணீர் இருந்தால் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் வீடு கட்டிக்கொண்டது பழவேற்காட்டில், ஏரியைப் பார்த்த மாதிரி.

"எதிரியைக் கண் முன்னால வெச்சுக்கணும் மாஸ்டர்" என்றார் என்னிடம். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். தினமும் காலையில் மாடியேறி வந்து என் போர்வை ஒழுங்காக மடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார்.

அவர் பக்கத்துத் திருப்பாலைவனம் ஊர்க்காரர். நெல் பயிரிடும் குடும்பம். பொன்னேரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்து, அதிகாரி தேர்வில் தேறி, லெப்டினன்டாகச் சேர்ந்தார். ஒவ்வொரு பதவி உயர்வு வந்தபோதும் லீவு போட்டுக்கொண்டு அப்பாவிடம், அதாவது நைனாவிடம், சொல்ல வருவாராம். கேப்டன் ஆனபோது நைனா கேட்டது ஒரே கேள்விதான்.

"உனக்கு மேல ஆளு இருக்கானா?"

"இருக்காங்க நைனா."

"சரி, போய் வேலையப் பாரு."

கர்னல் ஆனபோதும் அதே கேள்வி. பிரிகேடியர் ஆனபோதும் அதே கேள்வி. கடைசியில் மேஜர் ஜெனரலாக வந்து நின்றார். அப்போதும் மேலே ஆள் இருப்பது தெரிந்ததும் நைனாவுக்கு மனசே விட்டுப்போய்விட்டது. "இத்தினி வருஷமா அங்க இன்னாடா பண்ணிக்கினு இருந்த?" என்று கேட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாராம்.

ஆயிரக்கணக்கான பேருக்கு உத்தரவு போட்டுப் பழகிய வாய். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்குமா? பக்கத்துக் கோட்டைக்குப்பத்தில் மீன் ஏலம் நடக்கும்போது போய், கூடைகளை உயரப்படி அடுக்கச் சொன்னார். யாரும் அடுக்கவில்லை. பிறகு தேசப்பன் என்கிற மீனவரைப் பிடித்து, கோல் ஊன்றிப் படகு தள்ளக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். படகு ஆடிய முதல் ஆட்டத்திலேயே கோலை விட்டுவிட்டு தேசப்பனைக் கட்டிக்கொண்டார்.

"ஜெனரலு, கோலைப் புடிங்க. என்னை இன்னாத்துக்குப் புடிக்கறீங்க?"

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். மழைக்காலம் வரைக்கும் போனார். படகு தள்ள வரவில்லை. தேசப்பனை எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதில் மட்டும் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது.

அந்த மழைக்காலத்தில்தான் புயல் வந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிப் பாதுகாப்பு மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்கள் நகரவில்லை. கரையில் ஏற்றிக் கட்டிய படகுகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அதிகாரிகள் கெஞ்சினார்கள். ஜெனரல் மணலில் படம் போட்டு விளக்கினார், அதட்டினார். தேசப்பன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"போன புயலுக்கு நீங்க சொல்ற மாதிரிதான் போனோம். வந்து பாத்தா என் படகு ரெண்டா பொளந்து கெடந்துச்சு. ஒரு வருஷம் கூலிக்குப் போனேன். இந்த தபா நவுற மாட்டேன்."

ஜெனரல் மணலில் போட்ட படத்தைக் காலால் அழித்தார். பிறகு, "சரி, நான் காவல் நிக்கறேன். நீங்க போங்க" என்றார்.

"படகு மெதந்துச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?"

"புடிப்பேன்."

தேசப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். என்ன தோன்றியதோ, துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். எல்லாரும் போன பிறகுதான் ஜெனரலின் படை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்தது. நான் ஒருவன்தான்.

ஏலக்கூடத்தின் சிமென்ட் தூண்களுக்கு நடுவே நின்றோம். மத்தியானம் காற்று ஆளைத் தூக்கியது. ஏரி கரையேறி வந்து படகுகளை அசைத்தது. ஓரத்துப் படகின் கயிறு அறுந்தது. அது தேசப்பனுடையது.

ஜெனரல் இன்னொரு கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மறுமுனையைத் தூணில் கட்டச் சொன்னார்.

"சார், உங்களுக்கு நீச்சல் தெரியாது."

"அது படகுக்குத் தெரியாது மாஸ்டர்."

இறங்கிவிட்டார். நொண்டிக்கொண்டே, முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் ஏற ஏறப் போனார். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். கையால் துழாவி அறுந்த கயிற்றைப் பிடித்தார். நான் இழுத்தேன். படகும் அவரும் சேர்ந்து வந்தார்கள். படகைத் தூணில் கட்டிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

காற்று அடங்கி, தேசப்பனும் மற்றவர்களும் ஓடி வந்தபோது எல்லாப் படகுகளும் இருந்தன. எங்கள் வீட்டு மாடிக் கூரைதான் இல்லை. ஜெனரல் தூணில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. தேசப்பன் தன் துண்டால் அவர் தலையைத் துவட்டிவிட்டார். ஜெனரல் குழந்தை மாதிரி குனிந்துகொடுத்தார்.

அந்த வருஷம் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்கலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை.