கம்பியில் காய்த்த ஜாதிக்காய்

கடிகாரக்காரருக்கு வாய்தான் எதிரி. ஏழு வருஷத்துக்கு முன்னால், கொல்லையில் துணிக்கொடி இருந்த இடத்தில் ஒரு ஜாதிக்காய்க் கன்றை நட்டார். முறைத்துக்கொண்டு நின்ற மனைவியிடம் வீறாப்பாகச் சொன்னார்.

"ஏழு வருஷத்துல இது காய்க்கலைன்னா, இந்த வீட்டுத் துணி பூரா இனிமே நான்தான் துவைப்பேன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. "சரிங்க" என்றாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

கன்றுக்கு வெயில் ஆகாது என்று ஓலைப் பந்தல் போட்டார். மீன் கழுவின தண்ணீர் ஊற்றினார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட மனுஷன் இவ்வளவு செய்ததில்லை. போன வருஷம் மரம் பூத்தது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். பூ அத்தனையும் உதிர்ந்தது. இந்த வருஷமும் அதே கதை. கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது நர்சரிக்காரரைக் கூட்டிவந்து காட்டினார்.

"ஆண் மரம் சார். காய்க்காது."

"இதை ஏழு வருஷம் கழிச்சா சொல்வீங்க?"

"பூத்தாத்தான் சார் தெரியும். பக்கத்து வீட்டுல ஒண்ணு காய்ச்சுத் தொங்குதே, அது பெண். இது பூக்கப் போய்த்தான் அது காய்க்குது."

 ஏழு வருஷத்துக்கு முன்னால் வாங்கின ரெண்டு கன்றில் கொழுத்ததைத் தனக்கு வைத்துக்கொண்டு, நோஞ்சானைப் பக்கத்து வீட்டு டைலரம்மாவுக்குத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தவரே அவர்தான்.

மானத்தைக் காப்பாற்ற ஒரே வழிதான் தெரிந்தது. மனைவி மார்க்கெட் போன நேரம் பார்த்து டைலரம்மாவிடம் போய் இளித்தார். "மருந்துக்கு வேணும், நாலு பழம் குடுங்கம்மா." அந்தம்மா ஏன் எதற்கென்று கேட்காமல் பறித்துக் கொடுத்தார். இவருடையதோ, முப்பது வருஷம் கடிகாரத்துக்குள் தலைமுடி மாதிரி ஸ்பிரிங்கையெல்லாம் மாட்டிப் பழகின கை. செம்புக் கம்பியால் காம்பைத் தன் மரத்துக் கிளையோடு பிணைத்து, மேலே மண்ணைப் பூசி மறைத்தார். எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

மனைவி வந்தாள். மஞ்சள் பழங்கள் வெடித்து, உள்ளே ஜாதிபத்திரி சிவப்பாகத் தெரிந்தது.

"அட, காய்ச்சிடுச்சே."

"நான்தான் சொன்னேனே."

"போன மாசம்தானே பூ உதிர்ந்துச்சு? டைலரம்மா மரத்துல பழுக்க எட்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

"அதெல்லாம் வளர்ப்பைப் பொறுத்தது."

"நாலோட நிறுத்திட்டீங்களே. எத்தனை கேட்டாலும் குடுங்கன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

அவர் மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஆண் மரம்னு உனக்கு எப்போ தெரியும்?"

"அவங்க மரம் காய் பிடிச்சப்பவே. ஒரு மாசமா ரொட்டியில தடவித் தடவிச் சாப்பிடறீங்களே, அது எந்தப் பழத்து ஜாம்னு நினைச்சீங்க?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"ஆசை ஆசையா தண்ணி ஊத்திட்டு இருந்தீங்க. மனசு வரலை."

ஏழு வருஷம். அவருக்கு வாய்விட்டு அழ வேண்டும் போல இருந்தது. மனைவி கம்பியை இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா தாங்குதுங்க. மிச்சக் கம்பி இருந்தா, சுவர் வரைக்கும் இழுத்து ஒரு கொடி கட்டிடுங்க. துணியை ஊறப் போட்டுட்டுதான் நான் மார்க்கெட்டுக்கே போனேன்."