மூக்கு அண்ணாச்சியும் பச்சை ஆப்பிள் சென்ட்டும்

கை தேய, கால் தேய உழைத்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் தூத்துக்குடி முழுக்க இருக்கிறார்கள். மூக்கைக் கொண்டு குடும்பம் நடத்தியவர் எங்கள் மூக்கு அண்ணாச்சி மட்டும்தான். நான் இறால் கம்பெனியில் உரித்துக்கொண்டிருந்த காலத்தில், வந்திறங்கும் லோடையெல்லாம் முகர்ந்து பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்வது அவர் வேலை.

அந்த மூக்கை அவர் பச்சைப்பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். வெங்காயம் கிடையாது, பவுடர் கிடையாது. அவர் மனைவி கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால், தலையில் வைத்த மல்லிகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். எங்கள் டிபன் டப்பாவைத் திறக்கும் முன்பே, நேற்று வைத்த சாம்பார் என்று சபையில் போட்டு உடைப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவே அலுப்பாக இருக்கும்.

எனக்கு அப்போது எதுதான் அலுப்பில்லை! நாள் முழுக்க ஐஸில் கை, ஈரத்தில் கால். இரண்டு தடவை சோப்புப் போட்டாலும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பொறுக்க முடியாமல்தான் அந்த சென்ட்டை வாங்கினேன். ரொம்ப லேசான வாசம், சீக்கிரம் போய்விடும் என்று கடைக்காரப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சென்ட் போட்டு வந்தால் எங்கள் கம்பெனியில் அன்றைக்கே சீட்டுக் கிழியும். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் போய்விடும் என்றால் நல்லதாகப் போயிற்று என்று, ஒரு திங்கட்கிழமை விடியும்போது கழுத்தில் இரண்டு தடவை அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று வேம்பாரிலிருந்து ஒரு லோடு வந்தது. படகுக்காரர் வாசலிலேயே நின்றார். மாதிரித் தட்டை அண்ணாச்சியிடம் நீட்டியது நான்தான். முகர்ந்தார். நெற்றி சுருங்கியது.

"பழ வாசம் அடிக்கு."

கெட ஆரம்பிக்கும் இறாலில் அப்படி ஒரு வாசம் வருவதுண்டு. லோடைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று சூப்பர்வைசர் கேட்டார். வாயைத் திறந்தால் என் வேலை போச்சு. மூடிக்கொண்டால் அந்த மனிதர் கடலில் பட்ட பாடெல்லாம் போச்சு. நான் பாவி, மூடிக்கொண்டுதான் நின்றேன்.

"ஏளா, நீ அங்கன போய் நில்லு," என்றார் அண்ணாச்சி. நான் தள்ளிப் போனதும் மறுபடி முகர்ந்தார். தட்டில் இப்போது பழ வாசம் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"நல்ல லோடு. எனக்குத்தான் காலையில இருந்து மூக்கு அடைச்சிக் கெடக்கு," என்றார் சூப்பர்வைசரிடம்.

அவ்வளவுதான், மூக்குக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிட்டது என்று கம்பெனியே அவரைக் கேலி செய்தது. அவர் அடுத்த லோடை முகரப் போய்விட்டார். சாப்பாட்டு நேரத்தில் குழாயடிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்:

"மொதல்ல பச்ச ஆப்பிள். பொறவு பேரிக்கா. அடியில நனைஞ்ச ரோசா, அதுவும் இருக்கா இல்லையாங்குற மாதிரி. நல்ல சென்ட்டுதான். ஞாயித்துக்கெழம போட்டுக்க."

சேர்ந்திருந்த அலுப்பெல்லாம் அப்போதுதான் உடைந்ததோ என்னவோ, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணியை வீணாக்காதே என்று அதட்டிவிட்டுப் போனார். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றைக்கும் கொள்ளைப் பாசம்.